தொட்டி மீனும் வாசற் கிடாவும்

ஒரு சமுதாயம் தன் பெருநாளை எவ்வளவு சிறப்பாகக் கொண்டாடுகிறது என்பதை அறிய அதன் உணவையும் உடையையும் பார்த்தால் போதும். அப்பெருநாளை அது எவ்வளவு ஆழமாக உணர்ந்திருக்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், அது தன் குழந்தைகளின் கையில் கொடுக்கும் நூல்களைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு எழுதும்போது மேற்கோள்களின் பின்னால் நாம் ஒளிந்து கொள்ளலாம். ஏழு வயதுக் குழந்தையிடம் அது செல்லாது. அது நேராக நம் முகத்தைப் பார்த்து, "ஏன்?" என்று கேட்கும்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து அம்பத்தூருக்கு வந்திருந்தாள். எட்டு வயதுப் பேத்தி தன் பையில் ஐந்தாறு படக்கதை நூல்களைக் கொண்டு வந்திருந்தாள். அவளுடைய பள்ளித் தோழி ஒரு யூதக் குழந்தை. தோழி வீட்டில் பார்த்த நூல்களையே தானும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவற்றுட் பெரும்பாலானவை யூதக் குடும்பங்களின் பெருநாட்களைப் பற்றியவை. பூந்தமல்லிப் பக்கம் சென்று வாங்கி வந்த குர்பானிக் கிடா எங்கள் வாசலில் கட்டியிருந்தது. அதற்குத் தழை ஊட்டவென்று தெருப் பிள்ளைகள் வந்து கூடினார்கள். வந்த பிள்ளைகளுக்குப் பேத்தி அந்நூல்களை விரித்துப் படம் காட்டித் தமிழிற் கதை சொன்னாள். நான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்தேன். அன்று எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

யூதர் பெருநாள் நூல்களைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். வினவ வேண்டியதில்லை. அவர்கள் கொண்டாடும் பாஸ்கா விழா, ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து மூஸா நபி (அலை) அவர்களின் மக்கள் விடுதலை பெற்ற வரலாற்றின் நினைவு. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அவ்விடுதலைக்கு நன்றியாக யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருக்கக் கண்டு, மூஸாவுக்கு நாமே மிக உரியவர்கள் எனக் கூறித் தாமும் நோன்பு நோற்றதை நாம் அறிவோம். முஹர்ரம் பத்தாம் நாள் நோன்பு நோற்கும் எவரும் அக்கதைக்கு அந்நியர் அல்லர். சென்னைக்கும் அவர்கள் புதியவர்கள் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் இங்கே பவழ வணிகம் செய்த யூதர்களின் நினைவைப் பவழக்காரத் தெரு இன்றும் தாங்கி நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அது இலக்கியக் காரணம். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது 1572-ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. மசலா என்றாலே வினா. அந்நூலில் வினாக்களை அடுக்குபவர் யூத அறிஞரான இப்னு ஸலாம். விடை பகர்பவர் பெருமானார் (ஸல்). தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய முற்றத்தில் முதலில் வந்து நின்று கேள்வி கேட்டவர் ஒரு யூதர்! அவர் கேட்டதை நம் முன்னோர் குற்றமாகக் கொள்ளவில்லை. கேள்வியையே காப்பிய வடிவமாக்கிக் கொண்டார்கள். இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இவ்விடத்திற்கே திரும்பி வருவோம்.

இனி நூல்களுக்கு வருவோம்.

பேத்தி முதலிற் படித்தது பார்பரா கோஹன் எழுதி 1972-ல் வெளிவந்த 'குளியல் தொட்டியில் ஒரு கெண்டை மீன்'. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் எளிய யூதக் குடும்பம். பாஸ்கா விருந்துக்கு மீன் உணவு செய்ய வேண்டும். மீன் புத்தம் புதிதாக இருக்க வேண்டுமென்று தாய் சில நாட்கள் முன்னதாகவே உயிருள்ள கெண்டையை வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டு வைக்கிறாள். லேயா என்னும் சிறுமியும் அவள் தம்பி ஹாரியும் அம்மீனோடு நட்புக் கொள்கிறார்கள். அதற்கு ஜோ என்று பெயரிடுகிறார்கள். வெட்டும் நாள் நெருங்குகிறது. பிள்ளைகள் மீனைத் தூக்கிக் கொண்டு அண்டை வீட்டுத் தொட்டியில் ஒளித்து வைக்க முயல்கிறார்கள். தந்தை கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டு வருகிறார். மீன் சமைக்கப்படுகிறது. விருந்தில் பிள்ளைகள் அதைத் தொடவில்லை. பின்னர்த் தந்தை அவர்களுக்கு ஒரு பூனையைக் கொண்டு வந்து கொடுக்கிறார். கதை அவ்வளவே.

இந்நூலின் மேன்மை எதில் இருக்கிறது? ஆசிரியை மீனைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருந்தால் குழந்தைகள் கைகொட்டியிருப்பார்கள், ஆனால் கதை பொய்யாகியிருக்கும். தாயைக் கொடியவளாகவும் காட்டவில்லை. பெருநாள் என்றால் விருந்து, விருந்து என்றால் உழைப்பு, அவ்வுழைப்பைத் தலையிற் சுமப்பவள் அவள். தந்தையும் பிள்ளைகளை அதட்டி அடக்கிவிடவில்லை. பெரியவர்களின் கடமைக்கும் குழந்தையின் இரக்கத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை ஆசிரியை மூடவில்லை, மழுப்பவுமில்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன.

கதை முடிந்ததும் பிள்ளைகள் யாரும் பேசவில்லை. எல்லோருடைய கண்களும் வாசற் கிடாவின் பக்கம் திரும்பின. எதிர் வீட்டுச் சிறுவன் அதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தான். "நன்னா, இதையும் நாளைக்கு..." என்று தொடங்கிய பேத்தி வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் தியாகத்தை நான் எடுத்துச் சொன்னேன். பொறுமையோடு கேட்டுவிட்டு, "அந்தக் கதை எனக்குத் தெரியும் நன்னா. நான் கேட்டது இந்த ஆட்டைப் பத்தி" என்றாள். ஐம்பது ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருபவன் நான். அந்தச் சொல்லுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. எடுத்துக் கொடுக்க ஒரு நூலும் இருக்கவில்லை.

பாட்ரிசியா போலாக்கோ 1988-ல் வெளியிட்ட 'காக்கும் போர்வை' இரண்டாவது நூல். ருஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதப் பெண் அன்னா, ஆசிரியையின் கொள்ளுப்பாட்டி. அவள் போட்டு வளர்ந்த உடை சிறுத்துப் போகிறது. அதையும், ஊரில் விட்டு வந்த உறவினரின் பழந்துணிகளையும் வெட்டி இணைத்து ஒரு போர்வை தைக்கிறார்கள். அப்போர்வை வெள்ளி இரவில் ஓய்வுநாள் விருந்துக்கு மேசை விரிப்பாகிறது. திருமணத்தில் மணமக்களின் தலைக்கு மேல் பந்தலாகிறது. பிறந்த குழந்தைக்குச் சுற்றும் துணியாகிறது. நூல் முழுவதும் கருநிறக் கோட்டோவியங்கள். போர்வைக்கும் அது பிறந்த துணிகளுக்கும் மட்டுமே வண்ணம். எழுத்தறியாக் குழந்தையும் எது நிலைப்பது, எது கடந்து போவது என்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. முதல் தலைமுறைத் திருமணத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடிக் கொண்டாடுகிறார்கள். தலைமுறைகள் நகர நகர அவ்வழக்கம் தளர்கிறது. யூதரல்லாத நண்பர்களும் திருமணத்துக்கு வருகிறார்கள். இறுதியில் எல்லோரும் சேர்ந்தே ஆடுகிறார்கள். இது வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ ஆசிரியை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழக்கம் மாறியதை மறைக்காமல் குழந்தைக்குக் காட்டுகிறார். தீர்ப்பை வாசிக்கும் குடும்பத்திடமே விட்டுவிடுகிறார். நம் எழுத்தாளர்களுள் எத்தனை பேருக்கு இந்த அடக்கம் வாய்க்கும்?

மூன்றாவது நூலைக் கண்டு தெருப் பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். பமேலா எஹ்ரன்பெர்க் எழுத, அஞ்சன் சர்க்கார் ஓவியம் தீட்டி 2017-ல் வெளிவந்த 'ஹனுக்கா தோசைகளின் ராணி' அது. தந்தை வழி யூதம், தாய் வழி இந்தியா என அமைந்த ஓர் அமெரிக்கக் குடும்பம். ஹனுக்கா விழாவில் எண்ணெயிற் பொரித்தவற்றை உண்பது மரபு. பொதுவாக உருளைக்கிழங்கு அடை செய்வார்கள். இக்குடும்பமோ தோசை வார்க்கிறது! எதன்மீதும் ஏறிவிடும் துடுக்குக்காரத் தங்கை சேடியால் விழா கெட்டுவிடுமோ என்று அண்ணன் அஞ்சுகிறான். வீட்டார் அனைவரும் வெளியே இருக்க, கதவு பூட்டிக்கொள்கிறது. அவளுடைய ஏறும் குணமே அப்போது கைகொடுக்கிறது. "அவங்க வீட்டுலயும் மாவு அரைப்பாங்களா?" என்று ஒரு சிறுமி வியந்தாள். நகைச்சுவை மிகுந்த நூல்தான். ஆயினும் முதலிரண்டு நூல்களின் ஆழம் இதற்கில்லை. தோசை மாவும் ஹனுக்கா விளக்கும் மோதிக் கொள்ளாமல் ஒரே வீட்டில் அமர்ந்து விடுகின்றன. இரு மரபுகள் கூடும் வீட்டில் எழக்கூடிய கேள்விகள் எவையும் இங்கே எழவில்லை. உணவு வேற்றுமையை நூல் கொண்டாடுகிறது. வேற்றுமையின் சுமையைத் தொடவில்லை.

இத்தகைய நூல்கள் அம்மக்களிடையே பெருகியதற்குக் காரணம் உண்டு. 1951-ல் சிட்னி டெய்லர் என்னும் அம்மையார் நியூயார்க்கின் ஏழை யூதர் பகுதியில் வளர்ந்த ஐந்து சகோதரிகளின் கதையை வெளியிட்டார். பின்னர், 1970-களின் நடுவில், சிறு குழந்தைகளுக்கேற்ற பாஸ்கா நூல் கிடைக்கவில்லையே என்று ஏங்கிய தாய்மார் இருவர் தாமே ஒன்றை ஆக்கினர். அம்முயற்சியே 'கார்-பென்' என்னும் பதிப்பகமாக வளர்ந்தது. 2005-ல் ஹரால்டு கிரின்ஸ்பூன் என்னும் செல்வர், யூதக் குழந்தைகளுள்ள வீடுகளுக்கு மாதந்தோறும் இலவசமாக நூல் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளைச் சென்றடைகிறது. குறையும் இல்லாமலில்லை. கிறிஸ்துமஸ் பருவத்துக்கு அருகில் வருவதால், அவர்கள் மரபிற் சிறு விழாவான ஹனுக்காவுக்கே நூல்கள் குவிகின்றன. அண்டை வீட்டு விழாவின் ஒளியே தன் வீட்டில் எவ்விழா பெரிதென்று தீர்மானிப்பது எந்தச் சிறுபான்மைக்கும் நேரும் விபத்து.

பாட்டியும் பேரனும் ஒரே கூரையின் கீழ் வாழும்வரை பெருநாளுக்கு நூல் தேவைப்படுவதில்லை. குடும்பம் பெயரும்போதுதான் தேவை பிறக்கிறது. ருஷ்யாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர்களுக்கு நேர்ந்தது, அளவிற் சிறிதாக, நமக்கும் நேர்ந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்த பின்னர், எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் ஊரையும் உறவையும் விட்டு இங்கு வந்து குடியேறின! தஞ்சையிலிருந்து வந்தவரும், இராமநாதபுரத்திலிருந்து வந்தவரும், ஆம்பூர் வேலூரிலிருந்து வந்தவரும் ஒரே ஜமாஅத்தில் தோள் சேர நின்று தொழுகிறோம். ஒருவர் வீட்டுப் பெருநாட் காலையில் வட்டலப்பம், மற்றவர் வீட்டில் ஷீர் குர்மா. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உர்து. முன்பெல்லாம் பெருநாளுக்கு இரயிலேறி ஊருக்குப் போவோம். இப்போது ஊரிற் பாட்டி இல்லை. அவள் சொன்ன கதைகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

பெருநாட் பரிசாக வாங்க எண்ணி நான் சில கடைகளில் தேடினேன். தொழுகை முறை சொல்லும் நூல்கள் கிடைத்தன. நபிமார் வரலாறுகள் கிடைத்தன. அவை வேண்டியவையே. ஆனால் அவற்றில் குழந்தைக்கு வேலையில்லை, கேட்பது மட்டுமே. மறுபுறம், பல சமயப் பண்டிகைகளை வரிசைப்படுத்தும் பொது நூல்களில் நமக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பிறை, தொப்பி, பிரியாணி, கட்டித் தழுவும் இருவர். அது நம் குழந்தைக்காக எழுதப்பட்ட பக்கமன்று. நம்மை அறியாத குழந்தைக்கு நம்மை அறிமுகப்படுத்தும் பக்கம். முன்னதில் மார்க்கம் உண்டு, வீடு இல்லை. பின்னதில் வீடும் இல்லை, மார்க்கமும் இல்லை.

விதிவிலக்காக ஒரு நல்ல நூலைக் குறிப்பிட வேண்டும். சென்னையில் இயங்கும் துலிகா பதிப்பகம் 2007-ல் வெளியிட்ட 'இஸ்மத்தின் ஈத்'. எழுதியவர் ஃபவ்ஸியா ஜீலானி வில்லியம்ஸ், ஓவியர் புரோய்தி ராய். துருக்கிய நாட்டுக் கதையைத் தழுவியது. செருப்புத் தைக்கும் இஸ்மத் குடும்பத்தார் அனைவருக்கும் பெருநாட் பரிசு வாங்கித் தனக்கும் ஒரு காற்சட்டை வாங்குகிறான். அது நீளம். குறைத்துத் தரும்படி வீட்டுப் பெண்களைக் கேட்டால் எல்லோருக்கும் பெருநாள் வேலை. தானே வெட்டிக் கொள்கிறான். பிறகு ஒவ்வொருவராக இரக்கப்பட்டு, மற்றவர் அறியாமல், அதையே மேலும் மேலும் வெட்டி வைக்கிறார்கள். அன்பு மிகுந்ததால் உடை குறைந்து போகிறது! பேத்தி போர்வைக் கதை படித்த மறுநாள் நான் இதைப் படித்துக் காட்டினேன். "அதுலயும் துணி, இதுலயும் துணி" என்று அவளே இரண்டையும் இணைத்துவிட்டாள். ஒரு குடும்பத்தைப் பிணைப்பது தையல் என்பதை இரு மரபின் ஆசிரியைகளும் கண்டிருக்கிறார்கள். இந்நூலில் உபதேசம் இல்லை, வீடு இருக்கிறது. ஒரே குறை, அவ்வீடு நம் தெருவில் இல்லை. கைலி கட்டிய அத்தாவும், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் வரிசை நிற்கும் பிள்ளைகளும், அக்கஞ்சியில் ஒரு பங்கை அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொண்டு போகும் சிறுமியும் அதில் இல்லை.

இதே ஆசிரியை 2017-ல் யூதப் பதிப்பகமான கார்-பென் வாயிலாக 'யாஃபாவும் ஃபாத்திமாவும்' என்னும் நூலை வெளியிட்டார். பேரீச்சந் தோப்புகளை உடைய இரு அண்டை வீட்டுப் பெண்கள், ஒருத்தி யூதர், ஒருத்தி முஸ்லிம். இருவரும் தத்தம் ஆலயத்தில் தொழுகிறார்கள், தத்தம் நோன்பை நோற்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஒருவர் மற்றவருக்காகக் கவலைப்பட்டு, இரவில் யாருமறியாமல் தம் பழங்களைக் கொண்டு போய் மற்றவர் வீட்டில் வைக்கிறார்கள். இது யூதரிடமும் அரபுகளிடமும் வழங்கும் இரு சகோதரர் கதையின் மறுவடிவம்.

அழகிய கதை. ஆனால் திறனாய்வாளன் அழகோடு நின்றுவிடலாகாது. யாஃபா என்றால் எபிரேயத்தில் அழகியவள். அரபுச் செவிக்கோ அது, 1948-ல் தன் அரபு மக்களிற் பெரும்பாலோரை இழந்த துறைமுக நகரின் பெயரும் ஆகும். 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் மாண்டதைக் கண்ட பின்னர், வறட்சி ஒன்றே துன்பமாக இருக்கும் அத்தோப்பை நாம் எவ்வாறு படிப்பது? யூத மார்க்கத்தையும் ஓர் அரசின் செயலையும் ஒன்றாக்குவது அநீதி. அந்த அநீதியை நான் செய்ய மாட்டேன். இரு வீடுகளுக்கிடையே இரவில் நடக்கும் அந்நடை மெய்யானது என்றே நம்புகிறேன். ஆனால் பசிக்குக் காரணம் வானம் மட்டுமே என்று சொல்லும் கதை, குழந்தை கேட்கப் போகும் அடுத்த கேள்விக்கு முன்னாலேயே முடிந்து விடுகிறது. தொட்டி மீனைக் காப்பாற்றாத துணிவு இந்நூலுக்கு இல்லை.

ஆகவே என் அளவுகோல் இதுதான். பெருநாளை விளக்கும் நூல் நல்ல நூலன்று. பெருநாளின் நடுவே நின்று குழந்தை கேட்கும் கேள்வியைத் தாங்கிக்கொள்ளும் நூலே நல்ல நூல். பாஸ்கா இரவில், இவ்விரவு மற்ற இரவுகளினின்றும் வேறுபடுவது எதனால் என்று வீட்டின் இளைய குழந்தை கேட்க வேண்டும் என்பது யூதர்களின் வழிபாட்டு முறையிலேயே உள்ளது. குழந்தை கேட்ட பின்னரே பெரியவர்கள் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய நல்ல படக்கதைகளின் வேர் அங்கே இருக்கிறது.

நமக்கு அவ்வேர் இல்லையா? ஆயிர மசலா எங்கே போயிற்று? வினாவையே இலக்கிய வகையாகக் கொண்ட சமுதாயம், பெருமானார் (ஸல்) அவர்களையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடிய சமுதாயம், இன்று தன் குழந்தையின் வினாவுக்கு மட்டும் அஞ்சுவானேன்? வாசலிற் கட்டிய கிடாவைப் பற்றிக் கேட்கும் குழந்தை மார்க்கத்தை எதிர்க்கவில்லை. தியாகம் என்ற சொல்லின் எடையைத் தன் சிறு கையில் தூக்கிப் பார்க்கிறது. நேசிக்காத ஒன்றைக் கொடுப்பது தியாகமாகுமா? இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றின் உயிரே அதுதானே! கிடாவுக்காகக் கண்ணீர் விடும் குழந்தை அவ்வரலாற்றுக்கு நம்மிற் பலரைவிட அருகில் நிற்கிறது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எழுதத் தெரிந்த இளைஞர் பலர் இருக்கிறார்கள். ஓவியம் தீட்டும் நம் பெண்மக்களும் இருக்கிறார்கள். ஒரு தெரு, ஒரு கிடா, அதற்கு ஒரு பெயர், ஒரு கேள்வி. முப்பத்திரண்டு பக்கங்கள் போதும். முடிவில் கிடாவைக் காப்பாற்ற வேண்டாம். குழந்தையின் கண்ணீரைத் துடைத்து மூடவும் வேண்டாம்.

பெருநாளன்று குர்பானி முறைப்படி நிறைவேறியது. மூன்று பங்காகப் பிரித்து உறவுக்கும் ஏழைக்கும் கொடுத்தனுப்பினோம். பங்குகளை வீடு வீடாகக் கொண்டு போனவள் பேத்திதான். ஆனால் பகலுணவுக்கு அமர்ந்தபோது அவள் கறியைத் தொடவில்லை. அவளுடைய நன்னிமா ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், கல்லைக் காய வைத்து இரண்டு தோசை வார்த்துக் கொண்டு வந்து வைத்தாள். அவள் உண்டாள். நாங்களும் உண்டோம். அந்தக் காட்சியை எழுதவும் வரையவும் வல்லவர் எவரேனும் இதைப் படித்துக் கொண்டிருப்பீர்களாயின், என் பேத்தி அடுத்த பெருநாளுக்கு வருவதற்குள் அதைச் செய்து தாருங்கள்.